தொண்ணூற்று நாலு

நாற்பத்துமூணு வீட்டுக்கு ஒரே ஒரு கருவி.
துணி காயப்போடும் கிளிப்பைப் போல விரலைக் கவ்வும்.
ஆயிரத்து இருநூறு ரூபாய்,
பீடிக்காரிகளின் சீட்டுப் பணத்தில் வாங்கினோம்.
அந்த மாசம் சீட்டு எடுக்க வேண்டியவள் ஷகீரா.
மகளுக்குக் கம்மல் என்று சொல்லிவைத்திருந்தாள்.
அவளே முதலில் எழுந்து சொன்னாள்:
"கம்மல் போட முதல்ல காது இருக்கணுமில்ல."

குடியாத்தத்தில் அந்த வைகாசி
அம்மன் சிரசு எங்கள் தெருவுக்கு வரவில்லை.
மேளம் வரவேண்டிய நேரத்துக்கு
ஆம்புலன்ஸ் வந்தது,
திரும்ப இடமில்லாமல்
வந்த வழியே பின்னாலேயே போனது.

அன்று ராத்திரி நோட்டுப் போட்டோம்.
கம்பெனி பாஸ்புக்கில் இருக்கிற அதே கோடுகள்.
இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, கட்டு எத்தனை
என்றிருக்கும் இடத்தில்
வீடு, ஆள், விரல் காட்டிய எண்.
தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால்
யாரையும் கேட்க வேண்டாம்,
துளுக்காணத்தைக் கூப்பிடு.
இங்கே கட்டில் இல்லையென்றால் அடுக்கம்பாறை.
பெட்ரோல் காசை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

யார் வீட்டில் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு வரணும்,
யார் வீட்டில் குடிக்கிறவரை நிற்கணும்,
யாருக்குக் காது கேட்காது,
யாரால் எழுந்து நடக்க முடியாது,
எந்த நாய் கடிக்கும்,
எல்லாம் பின் அட்டையில்.

கருவியைத் தூக்கிக்கொண்டு போனவள் தேசம்மா.
ஸ்பிரிட்டு, பஞ்சு, நூல் கட்டிய பென்சில்.
காலையில் ஒரு சுற்று,
விளக்கு வைத்தபின் ஒரு சுற்று.
எண்ணைச் சொல்லிவிட்டால்
தெருவுக்குத் தகரம் அடித்துவிடுவார்கள் என்று
கையைப் பின்னால் கட்டிக்கொண்டவர்களிடம்
சண்டை போட்டே விரலை வாங்கினாள்.

நான் பீடி எண்ணிப் பழகினவள்.
கட்டுக்கு இருபத்தைந்து.
கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும்
ஒன்று குறைகிறது என்று உள்ளங்கை சொல்லும்.
நல்ல பீடியைக் கழிவென்று ஒதுக்கும் செக்கரை
முப்பது வருஷம் பார்த்ததில்
பொய்க் கணக்கின் முகம் எனக்கு அத்துப்படி.
அது ரொம்ப ஒழுங்காக இருக்கும்.

தேசம்மா, பதினேழாம் வீடு.
தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு.
எட்டு நாள், பதினாறு தடவை.
ஒரே உட்காரலில் எழுதிய ஒரே சாய்வு.

அவள் வாசலில் போய் நின்று
விரலை நீட்டு என்றேன்.
"எனக்கென்ன, நல்லாத்தானே நடக்கிறேன்."
"நடக்கிறது காலு. நீட்டு."

சிவப்பு எண் கொஞ்சம் தடுமாறியது,
எங்கெங்கோ ஓடி
தொண்ணூற்றொன்றில் உட்கார்ந்தது.
அடுப்பில் பால் பொங்கப் பார்த்திருப்பவர்கள் மாதிரி
ரெண்டு பேரும் அதையே பார்த்தோம்.
ஏறவில்லை.

துளுக்காணம் வண்டியைத் திருப்புவதற்குள்
பையை என்னிடம் நீட்டினாள்.
"இருபத்தொன்பதாம் வீட்ல இன்னும் பாக்கல."
இதைச் சொல்ல மூன்று முறை
மூச்சு வாங்கினாள்.

பதினோரு நாள் கழித்து வந்தாள்,
பாதி ஆளாக, முழுக் கோபத்தோடு.
நோட்டின் முதல் பக்கத்தில்
எல்லாவற்றுக்கும் மேலே இடம் கண்டுபிடித்து
அவள் கையாலேயே எழுதவைத்தோம்:
பை தூக்குகிறவள் விரல் முதலில்.

மூன்று பெயர்கள் திரும்பவில்லை.
அவற்றை நாங்கள் அடிக்கவில்லை.
எதிரே இருக்கும் கட்டங்களில்
வேறெதுவும் எழுதவுமில்லை.

ஐப்பசியில் கௌண்டன்யா ஆறு கரையேறியபோது
யாரை முதலில் தூக்குவது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பின் அட்டை சொன்னது.
நாயையும் தூக்கினோம். கடித்தது.

கருவி இப்போது ஷகீரா வீட்டு ஆணியில் தொங்குகிறது.
மாசம் ஒன்றாம் தேதி போட்டுப் பார்க்கிறோம்.
அதிலிருப்பது யாகூப் வீட்டு டிவி ரிமோட்டின் பேட்டரி,
ஒரு நள்ளிரவில் பிடுங்கியது.
திருப்பித் தர யாருக்கும் ஞாபகம் வரவில்லை.
அவரும் வேறு வாங்கவில்லை.
எழுந்துபோய்த்தான் சேனல் மாற்றுகிறார்.
கேட்டால்,
மூட்டுக்கு நல்லதாம்.