காரணம்: காற்று

புளியரை துணைமின் நிலையத்தில்
சிலிக்கா ஜெல் நீலம் போய் ரோஜா நிறமாகியிருந்தது.
ஆரியங்காவுக் கணவாயில் இறங்கும் சாரலுக்குச்
சோதனைச் சாவடி கிடையாது.
டிரான்ஸ்பார்மர் மூச்சிழுக்கும் இடம் மட்டும் தெரியும்.

எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி
இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் அழுத்தம் ஏற்றினேன்.
முப்பது. முப்பத்தைந்து.
நாற்பத்தொன்றில் பொறி தாவியது.
ஆறு முறை தாவவிட்டுச் சராசரி எடுத்தேன்.
வயது இருபத்தொன்பது, இன்னும் தாங்கும்.
எத்தனை நாள் என்று கேட்காதவரை
நல்ல வாக்கியம் அது.
கேட்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

பிறகு டிரிப் பதிவேடு. பகவதிபுரம் ஃபீடர்.
காரணம்: காற்று.
காரணம்: காற்று.
காரணம்: மரநாய்.
காரணம்: தெரியவில்லை, திரும்பப் போட்டதும் நின்றுகொண்டது.
ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெள்ளைத் தாள்.
சாரல் மாதங்களில் ஒரு பழுதும் இல்லை!
கணக்கு 99.8 என்றது.
பேனாவை மூடிவிட்டேன்.

"அந்த மூணு மாசமும்
ராவும் பகலும் நான் ஒருத்தன்தான் மேடம்"
என்றார் திருமலைக்குமார்.
"பிரேக்கரப் போடணுமா, எழுதணுமா?
போட்டேன்."

எதிர்ச்சாரியில் பால் குளிரூட்டும் நிலையம்.
செய்யதலி பாத்திமாவுக்கு ரிலே தெரியாது,
பால் தெரியும்.
கொழுப்பு, கேன் கணக்குக்கெல்லாம் கீழே
சின்ன எழுத்தில்:
2.10 போச்சு. 3.55 வந்துச்சு.
பால் பதினொரு டிகிரி.
புனலூர் வண்டி எடுக்கல.

நோட்டை வாங்கிவந்து வரிவரியாக அடித்தேன்.
இது தெரு டிரான்ஸ்பார்மர் பியூஸ், நம் கணக்கில்லை.
இது அவர்கள் மோட்டாரே எரிந்தது.
இதில் வண்டிதான் தாமதம், பழி மின்சாரத்தின் மேல்.
அடித்து அடித்தும்
வருஷத்துக்கு நாற்பத்தொரு மணி நேரம் மிஞ்சியது.

99.5.
மேலே கேட்டால்
புள்ளிக்குப் பின்னால் எட்டு ஐந்தானது, அவ்வளவுதான்.
கீழே அது எத்தனை கேன் என்று
அறிக்கையில் கட்டம் இல்லை.

ஆதாரம் என்ற கட்டத்தில்
'பால் நோட்டு' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'நுகர்வோர் பதிவு' என்றேன்.
அதையும் அடித்துவிட்டு
மறுபடி பால் நோட்டு.

வெளியே திருமலைக்குமார்
புது சிலிக்கா ஜெல் கொட்டிக்கொண்டிருந்தார்.
விளக்கு போனது.
ஜன்னலுக்கு இரண்டு பக்கமிருந்தும்
ஒரே கடிகாரத்தைப் பார்த்தோம். 4.20.
கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவர் பிரேக்கருக்கு ஓடினார்,
நீல மணிகள் தரையெங்கும் உருண்டன.

எதிர்ச்சாரியில் இந்நேரம்
எழுதியாயிற்று.