எடைமேடை

டிரக் கதவைத் திறந்தால் இடுப்புயரத்தில்
ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்.
ஆட்களும் சாமான்களும் சேர்ந்து
ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டைத்
தாண்டவே கூடாது என்கிறது.
லேலண்ட் அதைப் படித்ததில்லை.
விற்றவன் சொன்னதுதான் அவனுக்கு வேதம்:
"ஒன்பதாயிரம் இழுக்கும் சார், கண்ணை மூடிக்கொண்டு."

கண்ணை மூடிக்கொள்வதுதான் எனக்குப் பயம்.
நெப்ராஸ்காவில் இருபத்திரண்டு வருஷம்
பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
இழுப்பது ஒன்று.
சுமப்பது வேறு.
நிறுத்துவது அதனினும் வேறு.

கிளம்பிய அன்றிரவு
எதிரே வந்தவர்கள் எல்லாரும்
விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டித் திட்டினார்கள்.
பின்புறம் அமுங்கி, மூக்கு தூக்கி,
எங்கள் முகப்பு விளக்குகள்
சாலையை விட்டுவிட்டு
ஆந்தை தேடிக்கொண்டிருந்தன.

கேஸ்பருக்கு இந்தப் பக்கம் காற்று.
பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று கடந்தபோது
டிரெய்லர் முதலில் அதன் பக்கம் சாய்ந்தது,
பிறகு எங்கள் பக்கம்,
பிறகு இன்னும் கொஞ்சம்.
பக்கக் கண்ணாடியில் என் சமையலறை
வந்து வந்து போனது.
லேலண்டின் கால் பிரேக்கைத் தேடியது.
"காலை எடு!"
அவன் முழங்காலுக்கு மேலே கை நீட்டி
டிரெய்லர் பிரேக்கின் சின்ன நெம்பை மட்டும் அழுத்தினேன்.
பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி
எல்லாம் நேரானது.
தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்பார்கள்.
அன்று வாலைத்தான் பிடித்தேன்.

லாரிகள் ஏறும் எடைமேடையில் ஏறி நின்றோம்.
பதினைந்து டாலர், ஒரு சீட்டு.
ஜன்னலுக்குள் இருந்த பெண், பெயர்ப்பட்டையில் டார்லா,
சீட்டைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள்,
காபிக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டாள்.

லேலண்ட் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டான்.
கொக்கிமேல் உட்காரும் கனம் தொள்ளாயிரத்து நாற்பது.
கொக்கிக்கே தொண்ணூறு.
விறகு, ஜெனரேட்டர், நாய் மூன்றும்
முந்நூற்று நாற்பத்தேழு.
பேனா நின்றது.
"நீ எவ்வளவு, மாரிட்?"
நாற்பத்தோரு வருஷத்தில் கேட்காத கேள்வி.
நூற்று அறுபத்தெட்டு என்றேன்.
அவன் எண்ணை அவனே எழுதிக்கொண்டான்,
பத்து பவுண்டு குறைத்து.
பேனாவை வாங்கித் திருத்தினேன்.

இருநூற்று அறுபத்து நான்கு அதிகம்.
பின்னால் தள்ளினால் வால் ஆடும்,
முன்னால் தள்ளினால் முதுகு உடையும்.
நகர்த்தி ஆகப்போவதில்லை,
இறக்கத்தான் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டோம்.
முன்கட்டிலைத் தூக்கினால்
நான்கு துணிப்பை நிறைய அகேட் கற்கள்.
நான் கேட்கவில்லை.
சோபாவைத் தூக்கினால்
இருபத்தெட்டு ஜாடி சோக்செர்ரி ஜாம்.
அவனும் கேட்கவில்லை.
நாய் மட்டும் இரண்டையும் முகர்ந்து பார்த்தது.

ஜாம் டார்லாவுக்கு.
விறகு, பக்கத்தில் நின்ற குதிரை வண்டிக்காரருக்கு.
கற்களை விளக்குக் கம்பத்தடியில்
வரிசையாக அடுக்கினான்,
யாரோ வந்து எண்ணப்போகிற மாதிரி.
மறுபடி ஏறினோம். இம்முறை ஐந்து டாலர்.
முப்பத்தோரு பவுண்டு கீழே.
"பாஸ்!" என்றான்.
கரணம் தப்பவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

பிக்ஹார்ன் மலையிலிருந்து இறங்கும்போது
நான் ஓட்டினேன்.
இரண்டாவது கியர். எஞ்சின் கத்தியது, கத்தட்டும்.
பின்னால் ஏழு கார்கள்,
ஒதுங்க இடம் வந்தபோதெல்லாம் ஒதுங்கினேன்.
ஒரு வளைவில் யாருடைய பிரேக்கோ
கருகிய வாசனை.
எங்களுடையது இல்லை என்று நம்பினேன்.

அடிவாரத்து ஊருக்கு டென் ஸ்லீப் என்று பெயர்.
பத்துத் தூக்கம்.
எனக்கு ஒன்று போதும்.
இறங்கியதும் ஆறு சக்கரங்களிலும்
புறங்கையை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல் பார்ப்பது போல.

திரும்பினால்
ரோட்டோரக் கடையில் லேலண்ட்
ஒரு தர்பூசணியைத் தராசில் வைத்து
முள் நிற்பதற்காகக் காத்திருந்தான்.