நான்கு விநாடி

பசுமலையில் ஒரு பழைய பங்களா.
இங்கிலாந்தில் எப்போதோ யாரோ எழுதிய நாவலை
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டின் மதுரையாக
மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
திருநகர்த் தண்ணீர் லாரி மழையாகிக் கொட்டியது.
மதிலுக்கு அந்தப்பக்கம் குடங்களோடு நாலு பெண்கள்,
கதாநாயகன் காதலைச் சொல்லி முடிக்கட்டும்
என்று நின்றிருந்தார்கள்.

அவள் மறுத்தாள்.
ஆறு முறை மறுத்தாள்,
ஆறு முறையும் தலை துவட்டிவிட்டார்கள்.

இனி அவன் கடிதம் எழுத வேண்டும்.
நடிகருடைய எழுத்தோ கோழி கிளறிய குப்பை.
தல்லாகுளம் பத்திர ஆபீஸ் வாசலில் விசாரித்திருக்கிறார்கள்:
"மரகதவல்லி அக்கா எழுதினா அச்சு தோத்துப்போகும்."

வளையலைக் கழற்றி, நகப்பூச்சைத் துடைத்து,
மணிக்கட்டில் கொஞ்சம் முடி ஒட்டி
கோட்டுக்குள் என் கையை நுழைத்தார்கள்.
இருபத்திரண்டு வருஷம்
அடுத்தவர் சொத்தை அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்த கை.

தொப்பியைத் திருப்பிப் போட்ட உதவி இயக்குநர்
நான்கு வரி கொடுத்தார்.
"இதுமட்டும்தான் தெளிவாத் தெரியும்.
கீழ எதையாவது நிரப்புங்க,
யார் படிக்கப்போறா?"

காதல் வாசகம் எனக்கு வராது.
வரும் மொழியில் நிரப்பினேன்:

நாளது தேதியில், பிறர் தூண்டுதல் இன்றி,
புத்தி சுவாதீனத்தோடு எழுதிக்கொடுத்தது.
கிழக்கே நல்லமணியின் மேசை.
மேற்கே ரிப்பன் இல்லாத டைப்ரைட்டர்.
வடக்கே முத்திரைத்தாள் விற்பவரின் தகரக் கூரை.
தெற்கே சைக்கிள் ஸ்டாண்டு.
இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட ஒன்பது வருஷம்.
இதில் நீங்கள் கேட்டது ஒரே முறை,
நான் முகம் திருப்பியதும் ஒரே முறை.
நீங்கள் போலிப் பத்திரம் எழுதியதாக ஒருவன் சொன்னான்,
நல்ல சட்டை போட்டிருந்தான், நம்பினேன்.
அவனே போலி என்று கோர்ட்டில் தெரிந்த அன்று
நீங்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு
உசிலம்பட்டிக்குப் போயிருந்தீர்கள்.
மேற்படி சொத்தில்
அன்றும் இன்றும் வில்லங்கம் இல்லை.

பதினோரு டேக்.
ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள்.
ஏழாவதில் 'உங்கள்' 'உன்' ஆயிற்று.
பத்தாவதில் பெயரை எடுத்துவிட்டேன்.
பதினொன்றாவதில் இரண்டையும் பழையபடி ஆக்கினேன்.
அதைத்தான் ஓகே என்றார்கள்.
இரண்டாயிரம் ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும்.
மணிக்கட்டு முடியைப் பிய்க்கும்போது எரிந்தது.

காளவாசல் பக்கத்துத் தியேட்டரில் மதியக் காட்சி,
மொத்தமே பதினேழு பேர்.
என் கை சுவர் அளவுக்கு எழுந்து நின்றது.
நான்கு விநாடி.
முன்வரிசையில் ஒருவன் சீட்டியடித்தான்,
கடிதத்துக்கு இல்லை, அடுத்து வந்த குதிரைக்கு.
பிறகு அவள் படித்தாள், அழுதாள்,
விடியற்காலைப் பனிமூட்டத்தில் அவனைத் தேடி நடந்தாள்.
அந்தப் பனி சாம்பிராணி.
எட்டு சட்டி போட்டார்கள், நான் இருமியிருக்கிறேன்.
இருந்தும் தொண்டை அடைத்தது.

ஆடி கழிந்து ஒரு தபால் அட்டை வந்தது.
வலப்பக்கம் சாயும் எழுத்து, அதே நீல மசி.

'படம் பார்த்தேன், மூன்று முறை.
முதல் முறை ஐந்தாம் வரிக்குள் ஓடிவிட்டது.
இரண்டாம் முறை மேலிருந்து படிக்காமல்
கீழிருந்து படித்தேன்.
தெற்கெல்லை பிழை.
அங்கே இருப்பது வேப்பமரம், சைக்கிள் ஸ்டாண்டு அல்ல.
சாட்சிகள் கையொப்பமும் இல்லை.
பத்திரம் செல்லாது.'

திருப்பினேன். முகவரிக்குக் கீழே, பென்சிலில்:
'பிழைத்திருத்தல் பத்திரம் எழுதுவதானால்
எந்தக் கிழமை தோது?'

எழுந்து போய்த் தெற்கே பார்த்தேன்.
ஒன்பது வருஷமும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற மரம்
இப்போது முழங்கால் உயர அடிக்கட்டை.
அதில் சங்கிலி சுற்றிப் பூட்டிய
சைக்கிள்கள், ஏழெட்டு.

இரண்டு பேர் சொன்னதும் சரி
என்பதற்கு
பத்திர பாஷையில் வாசகம் இல்லை.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
மசி காய்கிறது.