அரை நொடி பிந்தி வரும் திரை

லிஃப்டில் நானும் ஒரு மானிட்டரும்தான் நிற்கலாம்.
ஒரு தடவை ஏற இருபது தெத்ரி நாணயம்.
மூன்று மானிட்டர், ஒன்பதாம் மாடி.
அந்த அறுபது தெத்ரியையும் கணக்கில் எழுதினேன்.

முதலாவது, மூடிப்போன வங்கிக் கிளையுடையது.
முதுகில் இன்னும் சொத்து எண் ஒட்டியிருக்கிறது.
இரண்டாவது, ஒரு பல் மருத்துவர் கடையைக் காலி செய்தபோது வந்தது.
மூன்றாவது, பந்தயக் கடையில்
ஒன்பது வருஷம் கண் இமைக்காமல் நின்றது.
சாம்பல் நிறம் வரும்போது மட்டும்
யாரோ தோற்ற ஆட்டத்தின் எண்கள்
தழும்புபோல் மேலே தெரியும்.
எலியாவா சந்தையில் ஜும்பேர் நூற்று நாற்பது லாரி சொன்னான்.
நூற்றுப் பத்துக்கு இறங்கினான்,
கேபிள் இல்லாமல்.

என் லேப்டாப்பிலிருந்து படம் வெளியே போக ஒரே வாசல்.
அதை வங்கிக்குக் கொடுத்தேன்.
பக்கத்தில் இன்னொரு சின்னத் துளை.
அதில் முப்பத்தைந்து லாரி ஹப்பைச் செருகினேன்.
ஹப்பில் இரண்டு துளை இருந்தது.
இரண்டு படம் வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?
ஒரே படம், இரண்டு திரையிலும்.

'மோதிரம் விரலுக்குப் பொருந்தினால்
கல்யாணமும் பொருந்திவிடுமா, மாக்வாலா?'
போனில் சிரித்தான் ஜும்பேர்.
உள்ளே சில்லு வைத்த அடாப்டர்தான் வேண்டுமாம்.
எண்பத்தைந்து லாரி.
வெள்ளிக்கிழமைக்கு முன்னால்
என்னிடம் எண்பத்தைந்து லாரி கிடையாது.

வேலை இதுதான்:
என் பகலில் உட்கார்ந்து
வினிபெக் நகரத்துக் கடை ஒன்றின் இரவைப் பார்ப்பது.
திரைக்கு இவ்வளவு என்று கூலி.
விண்ணப்பத்தில் மூன்று திரை என்று எழுதியிருந்தேன்.

நாலு நாள்
வண்டி நிறுத்துமிடத்தை இரண்டு முறை பார்த்தேன்.
அதே காலி வண்டி, அதே கம்பம், அதே பனி,
பந்தயக் கடையில் நீலமாக,
பல் மருத்துவரிடம் பழைய பல்லின் நிறத்தில்.
கடையின் பின்வாசலை
உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.
அதற்கும் கூலி வந்தது.

ஒரு மானிட்டருக்குக் கால் இல்லை.
ஷியோவின் வேதியியல் புத்தகத்தின் மேல் நிற்கிறது.
வியாழக்கிழமை அவனுக்கு அந்தப் பாடம்.
அன்றைக்கு வினிபெக் இடப்பக்கம் சரிந்தே இருக்கும்.

வெள்ளி மாலை அடாப்டர் வந்தது.
மென்பொருளை இறக்கி, அணைத்து, மறுபடி போட்டேன்.
மூன்று திரையும் ஒன்றாகக் கறுத்தன.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
பின்வாசல் திறந்தது.

குப்பைத் தொட்டி. ஒரு விளக்கு. அதன் கீழே
மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன்,
முகத்தைப் பனிக்கு ஏந்தி.
புகைக்கவில்லை, போனும் கையில் இல்லை.
இந்த நாலு நாளும் இப்படித்தான் நின்றிருப்பானோ?

இந்தத் திரை அரை நொடி பிந்தி வரும்.
மலிவு அடாப்டர் அப்படித்தான் என்கிறான் ஜும்பேர்.
வண்டிகளை நெட்டித் தள்ளிக்கொண்டு
அவன் இரண்டாம் திரையின் ஓரத்தைத் தாண்டுவான்.
மூன்றாம் திரையில் இன்னும் வந்திருக்க மாட்டான்.
அந்த அரை நொடி
எந்தத் திரையிலும் அவன் இல்லை.
ஒவ்வொரு முறையும் அறியாமல்
மேசை விளிம்பைப் பிடிக்கிறேன்.

ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிறவர்களைக்
குறித்து அனுப்ப வேண்டும். அது விதி.

இன்று ஏழு நிமிஷம் நின்றான்.
படிவத்தைத் திறந்தேன்.
காரணம் என்று ஒரு கட்டம்.
அதில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.
மூடிவிட்டேன்.

வெளியே இங்கேயும் பனி தொடங்கிவிட்டது.
ஹீட்டரை ஆறு மணிக்கு முன் போடுவதில்லை.
அடாப்டர் லேசாகச் சுடுகிறது.
அதன்மேல் விரல்களை வைத்துக்கொள்கிறேன்.