விழாத கை

வால்டிவியாவில் மழை பதினோராவது நாள்.
ஆறாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.
எலெயுதேரியோ வென்சுமான், அறுபத்தெட்டு,
கடல்சிங்கங்கள் குரைக்கும் மீன்சந்தைத் துறையில்
படகுக் கயிறு வாங்கிக் கட்டியவர்.
நிமோனியா. ரத்தத்தில் உப்புக் குறைவு.

திங்கள் இரவு போர்வையில் மீன் பொறுக்கினார்.
கூரையில் தண்ணீர் ஏறுகிறது என்று
மகள் ரொசால்பாவை வேறு யாரோவாக அழைத்தார்.
சித்தக் கலக்கம் என்று எழுதினோம்,
ஹாலோபெரிடால் கொடுத்தோம்.
கொடுத்தோம் என்ன, கொடுத்தேன்.
கையெழுத்து என்னுடையது.

செவ்வாய் காலை
‘அமைதியாக இருக்கிறார்’ என்றது குறிப்பேடு.
கண் திறந்திருந்தது.
நாடி பார்க்கத் தூக்கிய கையை விட்டேன்,
அது விழவில்லை.
மெழுகு என்பார்கள் பாடத்தில்.
எனக்கு அது
கொடியில் யாரோ மறந்த ஈரச் சட்டை.

“வலிக்கிறதா?”
“வலிக்கிறதா” என்றார்
கேள்வி இல்லாமல்.

மூளையின் மின்கோடுகளில்
சோம்பிய பெரிய அலைகள்.
கலக்கம் போய்விடவில்லை,
அதன் மடியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது
இந்தக் கட்டாடோனியா.

லோராசெபாம் என்றேன்.
“கலங்கியவருக்கா?” என்றாள் நர்ஸ் மிரேயா.
அவள் கேட்டது சரி. புத்தகமும் அவள் பக்கம்.
ஒன்றைத் தணிப்பது மற்றதைக் கிளறும்;
நேற்று நான் தணித்ததோ
இதைக் கல்லாக்கியிருக்கலாம்.

பழைய மருந்தை நிறுத்தினேன்.
உப்பு, சொட்டுச் சொட்டாக, அவசரமில்லாமல்.
பிறகு ஒரு மில்லிகிராம், சிரை வழியே.
மூச்சை எண்ண அவள்,
கையைப் பார்க்க நான்.

மூன்றாம் நிமிடம் மழைதான் கேட்டது.
ஆறில் இமை கொட்டினார்.
ஒன்பதில் உலர்ந்த உதடு பிரிந்தது:
“இறக்கிக்கொள்ளலாமா, டாக்டர்?”

கையைத்தான் கேட்டார்.
நான் வாய் திறக்குமுன் ரொசால்பா
அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.
சூப்பு வேண்டும் என்றார்.
உப்பில்லை என்று திட்டவும் செய்தார்.

இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை.
அன்றிரவே கூரையில் மறுபடி தண்ணீர்.
விடியலில் மறுபடி விறைப்பு, மறுபடி ஊசி.
மின்சிகிச்சைக்குப் படிவம் வாங்கி வைத்தோம்.
மடித்தபடியே இருந்தது அது என் பையில்,
நுரையீரல் தெளிந்த ஒன்பதாம் நாள் வரை.

தன் செருப்பைத் தானே தேடி எடுத்துப் போனார்.
என் பெயரை அவர் கேட்கவில்லை.
அந்த வாரம் அவருக்கு நினைவிலேயே இல்லை.

இப்போதெல்லாம் யாராவது
‘அமைதியாக இருக்கிறார்’ என்றால்
முதலில் போய்
கையைத் தூக்கி விட்டுப் பார்க்கிறேன்.