மேலிருந்து கீழ்

நேற்று இரவு பத்து மணிக்கு மேல்
சார்ட் அட்டை, ஸ்கேல், கறுப்பு ஸ்கெட்ச்.
ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து கட்டம்.
பருவம் ஆறு என்கிறது பாடம்.
முதுவேனிலை ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தினேன்.
அதன் தலையிலிருந்த மு-வைக் கடன் வாங்கி
முன்பனியைப் படுக்கப் போட்டேன்.
காரும் கூதிரும் எப்படியோ உட்கார்ந்தன.
வலது ஓரத்தில் சின்னதாக ஒரு மழை.
பின்பனிக்கு இடமில்லை.
இளவேனிலும் வெளியே நின்றது.
நிற்கட்டும்.
சித்திரையில் தார் இளகும் இந்தப் பக்கத்தில்
அது எப்போது வந்து எப்போது போனதென்று
யார் பார்த்தார்கள்?
மிச்சக் கட்டங்களைத் தூக்கக் கலக்கத்தில்
கைக்கு வந்த எழுத்துகளால் அடைத்தேன்.

மு   ன்   ப   னி   த
து   சா   ட்   லீ   ம
வே   கா   டு   வு   ழை
னி   ர்   கூ   தி   ர்
ல்   மா   லி   பூ   டி

பெரியார் நிலையத்தில் ஏறி
அட்டை மடங்காமல் தலைக்கு மேல் பிடித்தபடி
வலையங்குளம் தாண்டி இறங்கினேன்.

மார்கழி. மூன்றாம் வகுப்பு. பத்தொன்பது பேர்.
பாதிப் பேர் விரல்களில் பச்சைக் காம்பு வாசம்.
நாலு மணிக்கே நெற்றியில் லைட் கட்டி
அம்மாக்களோடு தோட்டத்தில் நின்றுவிட்டு
அப்படியே வந்தவர்கள்.
இரண்டு கொட்டாவிகளுக்கு நடுவில்
அட்டையைப் பலகையில் மாட்டினேன்.

‘கூதிர்னா என்ன சார்?’ என்றாள் ஜெர்லின்.
குளிர்ந்த காற்று வீசும் பருவம்,
ஐப்பசி, கார்த்திகை என்று
அகராதியை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.
‘கூதலா?’ என்றான் சோனைமுத்து.
‘அதச் சொல்ல வேண்டியதுதான?’
வகுப்பே தோளைக் குறுக்கி
ஒரு தடவை நடுங்கிக் காட்டியது.

மழை ஒரே நிமிடத்தில் அகப்பட்டது.
முதுவேனிலை எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு
‘பழைய வேன்லயா சார்?’ என்றது ஒரு குரல்.
‘காரும் இருக்கு, வேனும் இருக்கு,
பஸ் எங்க சார்?’
பஸ்ஸைத் தேடி ஐந்து நிமிடம் போனது.
தேடிய வழியில் லீவு கிடைத்தது சோனைமுத்துவுக்கு.
சத்தியமாக நான் வைக்கவில்லை.
மேசை மீது ஏறாத குறையாகக் கத்தினான்.
அரையாண்டு விடுமுறைக்கு இன்னும் ஆறு நாள்.

எல்லோரும் நோட்டைக் கொடுத்த பிறகு
பாண்டிமீனா வந்தாள்.
ஐந்து சொல்லோடு ஆறாவதாக
ஒன்றைச் சுழித்திருந்தாள்:
கூலி.

‘இது நான் வைக்கலையே.’

‘கூதிர்ல இருக்க கூ-வ எடுத்துக்கிட்டு
நேரா கீழ எறங்குது பாருங்க.’

இறங்கத்தான் செய்தது.

‘சரி, ஆனா இது பருவம் இல்லையேம்மா.’

அட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.
ஏழாம் வாய்ப்பாடு சொல்வதுபோலத்தான் சொன்னாள்:
‘பனி கொட்டுனா மொட்டு வராது சார்.
மாட்டுத்தாவணியில கிலோ மூவாயிரமாம்.
எங்கம்மாவுக்கு எடுக்கிற கிலோவுக்குத்தான் காசு.
நேத்து அரைக் கிலோகூடத் தேறல.
பூ ஏறுச்சுன்னா இது எறங்கும்.’

சிவப்புப் பேனாவின் மூடியை
இரண்டு முறை திறந்து மூடினேன்.
என் விடைத்தாளில் ஐந்து சொற்கள்தான்.
பின்பனி இல்லாத,
இளவேனில் இல்லாத என் அட்டையில்
முன்பனிக்கு நேர் கீழே
இத்தனை நேரமும் அது நின்றுகொண்டிருந்திருக்கிறது,
யாரும் எழுதாமலே.

ஆறு என்று போட்டு வட்டமிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
நோட்டை வாங்கி, பக்கம் ஒட்டாமல் இருக்க ஊதிவிட்டு,
இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

‘அப்ப லீவுக்கும் மார்க் உண்டுல்ல சார்?’
என்று எழுந்து நின்றான் சோனைமுத்து.