ஆறடிக்கு மேல் ஓரடி

ஒரே நாளில் ரெண்டு கடிதம்.
தபால்காரர் செபரெத்தினம் சைக்கிளால் இறங்காமலே
கடப்படியில் வைத்து நீட்டினார்.
"ரெண்டும் மாநகர சபை" என்றார்,
கலியாணக் கார்ட் கொடுக்கிற முகத்தோடு.

போன மாசி வரைக்கும் நாங்கள் பிரதேச சபை.
குப்பையை நாங்களே எரித்தோம்,
இருட்டுக்கு ஆளுக்கொரு டோர்ச்.
மறுகா வர்த்தமானி வந்தது.
வாவி நகரவில்லை, தில்லை மரங்கள் நகரவில்லை,
கோடு மட்டும் எழும்பி
எங்கள் ஒழுங்கையைக் கடந்துபோய்ப் படுத்துக்கொண்டது.
காலையில் நித்திரை முறிந்தபோது
நான் மட்டக்களப்பு நகரத்தாள்.
மூன்றாம் நாள் ஒரு தெருவிளக்கு நட்டார்கள்.
பொய் சொல்லக் கூடாது,
அந்த வெளிச்சம் எனக்குப் பிடித்திருந்தது.

முதற் கடிதம்:
வரிமதிப்பு இலக்கம் 41/3, தில்லையடி ஒழுங்கை.
உரிமையாளர் திருமதி புவனலோசினி பத்தக்குட்டி.
பரப்பு பதினெட்டு பேர்ச்.
ஆதனவரி காலாண்டுக்கு இவ்வளவு, பிந்தினால் தண்டம்.

மற்றது:
வீதி அகலிப்புக்கு முன்புறம் ஏழடி தேவைப்படுகிறது.
உரிமை கோருவோர் பதினாலு நாளுக்குள்
உறுதியுடன் சமுகமளிக்கவும்.

உறுதி.
தொண்ணூறாம் ஆண்டு அதைக்
கூரைக் கிடுகுக்குள் செருகிவிட்டு ஓடினோம்.
கூரை எங்களை விட வேகமாகப் போய்விட்டது.
பதிவுக் கந்தோரில் பிரதி கேட்டேன்;
அந்தப் பக்கத்தில் தண்ணி பட்டிட்டாம்.

ஆறடிதான் மனிசருக்கு என்று
செத்த வீட்டில் சொல்லுவார்கள்.
சபை ஓரடி கூடக் கேட்கிறது.
என்ன கிடக்கு அதற்குள் என்று சீலைத் தலைப்பால் அளந்தேன்:
கடப்பு, முருங்கை,
அவர் கட்டாரில் இரண்டு வருசம் வெந்து அனுப்பிய மதில்,
கிணற்றில் பாதி.
"எந்தப் பாதி தம்பி, தண்ணி உள்ள பாதியா?"
சேவையர் பொடியன் சிரிக்கவில்லை.
கிணற்றுக்கட்டில் சிவப்புப் பெயின்ரால்
ஒரு அம்புக்குறி போட்டான்.

கந்தோரில் நாலாம் யன்னல் காசு வாங்கும்.
பதினெட்டு பேர்ச்சுக்கும் கட்டினேன்,
அந்த ஏழடிக்கும் சேர்த்துத்தான்.
பற்றுச்சீட்டில் சீல் ஈரம்;
ஊதிக்கொண்டே ஏழாம் யன்னலுக்குப் போனேன்.

"தங்கச்சி, இஞ்ச பாருங்க,
உரிமையாளர் எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க."
"அது வரிக்கு, அம்மா."
"அப்ப இது?"
"இது காணிக்கு."

நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு வாங்கு.
ஒள்ளுப்ப நேரம் அதில் இருந்தேன்.
காற்றாடி சுற்றியது, என் பக்கம் மட்டும் வராமல்.
பிறகு எழும்பி,
"இப்ப சொன்னதை எழுதித் தாங்க" என்றேன்.

அவள் பேனையை மூடினாள்.
உள்ளே போய் யாரிடமோ கேட்டாள்.
திரும்பி வந்து பேனையைத் திறந்தாள்.
எழுதித் தர ஏலாதாம்;
என் கடிதத்தைப் பாரமெடுத்ததாகத் துண்டு தரலாமாம்.
தந்தாள்.
ஆட்சேபனை இலக்கம் 212.

பஸ்ஸுக்குள் ஏறிய பிறகுதான் உறைத்தது.
அப்படியெண்டால் எனக்கு முன்னால்
இருநூற்றுப் பதினொரு பேர்.

பக்கத்து சீற்றில் ஒரு மனிசி,
மடியில் சபையின் மண்ணிறக் கடித உறை,
வாயில் வெத்திலை.
கல்லடிப் பாலம் தாண்டும் மட்டும்
யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கேட்டேன்:

"நீங்க எத்தினையாம் நம்பர்?"